உன் தட்டில் எங்கள் உளுந்து

பெகு, பர்மா,
மாசி 12

அன்புள்ள மணி,

உன் கடிதம் கிடைத்தது. கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி. தங்கச்சி சொல்கிறபடி சொட்டு மருந்தை விடாமல் போட்டுக்கொள்.

பர்மாவை நினைக்க வேண்டுமென்றால் பர்மா பஜாருக்குப் போய் அத்தோ நூடுல்ஸ் சாப்பிட்டால்தான் உண்டு என்று எழுதியிருந்தாய். அவ்வளவு தூரம் போக வேண்டாமடா. காலையில் உன் தட்டில் இருக்கிற இட்லியைப் பார். இந்தியா இறக்குமதி செய்கிற உளுந்தில் பெரும்பகுதி எங்கள் மண்ணில் விளைந்ததுதான்.

இங்கே மட்பே என்போம், உனக்கு ஞாபகம் இருக்கும். மழைக்கால நெல்லை அறுத்ததும் விதைத்துவிடுவார்கள். தண்ணீர் பாய்ச்சுவதில்லை, வயலில் மிச்சமிருக்கிற ஈரத்திலேயே வந்துவிடும். இப்போது அறுவடை. நேற்று மச்சான் வயலுக்குப் போயிருந்தேன். பிடுங்கிப் போட்ட செடியிலிருந்து ஒரு நெற்றை எடுத்தேன், தொட்டதும் வெடித்தது. உள்ளங்கையில் வைத்துத் தூசியை ஊதினால், கறுப்பு மணியின் ஓரத்தில் வெள்ளையாக அந்தச் சின்னக் கண்.

இதே மச்சான் 2017-இல் களத்தில் உட்கார்ந்து அழுதார். அந்த ஆகஸ்டில் இந்தியா, உளுந்தும் பாசிப்பயறும் சேர்த்து வருஷத்துக்கு 3 லட்சம் டன்னுக்கு மேல் வரக்கூடாது என்று நிறுத்திவிட்டது. இங்கே விலை விழுந்தது. கடன் வாங்கி விதைத்தவர் என்ன செய்வார்? உங்கள் பக்கத்திலும் காரணம் இருந்தது, இல்லையென்று சொல்லவில்லை. அங்கே அமோக விளைச்சல், உங்கள் விவசாயிக்கும் விலை இல்லை. 2021-இல் மறுபடி திறந்து, வருஷத்துக்கு 2.5 லட்சம் டன் உளுந்து வாங்க ஒப்பந்தம் போட்டார்கள். அதற்குள் மச்சான் இரண்டு ஏக்கரை விற்றிருந்தார்.

அப்போதுதான் தாத்தா காலத்து நெல் ஞாபகம் வந்தது. 1930-களில் உலகச் சந்தையில் விலை சரிந்து, கடன் கட்ட முடியாத பர்மிய விவசாயிகளின் நிலம், கடன் கொடுத்த நம் ஊர்ச் செட்டியார்கள் கைக்குப் போனது. கீழ்ப்பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் கால்வாசி நிலம்! நிலத்தை இழந்தவனுக்குக் கோபம் வராமல் இருக்குமா? ஆனால் அது அறுப்புக் கூலிக்கு வந்த நம் ஆட்கள் தலையிலும் விழுந்தது. 1964-இல் உன் குடும்பம் பர்மாவை விட்டுக் கப்பலேறியதற்கு வேரைத் தேடினால், அந்த நெல் விலையில்தான் போய் நிற்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

சரி, மச்சான் புது உளுந்து ஒரு படி கொடுத்திருக்கிறார். இன்று ஊறப் போட்டிருக்கிறோம். அடுத்த முறை மளிகைக்குப் போகும்போது, உளுந்து எந்த ஊர் மூட்டை என்று கடைக்காரரிடம் கேட்டு எழுது.

அன்புடன்,
உன் வேலு