உன் மாமரத்து முசுறுகளில் ஒன்று எறும்பில்லை

கோரேகாவ், மும்பை
ஞாயிறு இரவு

கோமு,

நாலு மாதமாக ஒரு வரி எழுதவில்லை. திட்டுவதாக இருந்தால் நேரில் திட்டு, வாங்கிக்கொள்கிறேன். இங்கே எல்லோரும் சௌக்கியம். அவருக்கு முட்டி வலி மழை விட்டதும் குறைந்துவிட்டது. அத்தை திவசத்துக்கு வர முடியாமல் போனது மனதில் உறுத்திக்கொண்டே இருக்கிறது.

நேற்று போனில் நீ பாட்டுக்குச் சொல்லிவிட்டாய், தை பிறந்ததும் கொல்லை மாமரத்தை வெட்டுகிறோம், தம்பி அங்கேதான் வீடு கட்டுகிறான் என்று. நானும் சரி சரி என்று கேட்டுக்கொண்டு போனை வைத்துவிட்டேன். ராத்திரி தூக்கமே இல்லை. பங்கஜம் பாவாடைக்குள் முசுறு புகுந்த அதே மரம்தானே?

ஏன் தூக்கம் போயிற்று என்று சொல்ல, இங்கே கோரேகாவ் பக்கத்து ஆரே காட்டில் நான் பார்த்ததை முதலில் சொல்ல வேண்டும்.

மழை ஓய்ந்ததிலிருந்து ஞாயிறு தவறாமல் விடிகாலையில் அங்கே போகிறேன். சிறுத்தை நடமாடும் இடம் என்பதால் நாலைந்து பேராகத்தான் போவோம். தேடிப் போவது தாவும் சிலந்திகளை. முகத்தைச் சுளிக்காதே கோமு! உத்தரத்தில் தொங்கி உன்னை அலற வைத்ததே, அந்த மாதிரி இல்லை இது. வலை பின்னி இரைக்காகக் காத்திருக்காது. பூனை மாதிரிப் பதுங்கிப் போய்ப் பாயும். பாயும் முன் ஒரு நூலை இலையில் ஒட்டிவிட்டுத்தான் பாயும், தவறினால் தொங்கிக்கொள்ள. உலகத்தில் 6,000 வகைக்கு மேல் இருக்கின்றன. போன மாதம் கிரிசில்லா வோலுப்பே என்ற ஒன்றை முதல்முறையாகப் பார்த்தேன். அரிசிமணி அளவுதான். உடம்பில் மயில்கழுத்து நீலம், பக்கத்திலேயே செம்மஞ்சள். காஞ்சிபுரத்தில் கூட அப்படி ஒரு புடவை நான் பார்த்ததில்லை.

படம் எடுப்பது பொறுமைக்கான வேலை. 100 மில்லிமீட்டர் மேக்ரோ லென்ஸோடு ஒரு சாண் தூரத்துக்குப் போக வேண்டும். அவ்வளவு கிட்டத்தில் தெளிவாக விழுவது ஒரு மில்லிமீட்டர் ஆழம்தான். கண்ணுக்குக் குறி வைத்தால் கால் மங்கிவிடும். லென்ஸில் ஒளி நுழையும் துவாரத்தை எஃப்/11க்குக் குறைத்து, ஃபிளாஷ் முன்னால் டிரேசிங் பேப்பர் ஒட்டி, மூச்சைப் பிடித்துக்கொண்டு உடம்பையே முன்னும் பின்னும் மெல்ல அசைத்து ஃபோகஸ் தேடுவேன். அது சட்டென்று திரும்பி நேராக என்னைப் பார்க்கும். எட்டுக் கண்ணில் முன்னால் இருக்கும் பெரிய இரண்டின் லென்ஸ் அசையாது. உள்ளே விழித்திரை இருக்கும் குழல்தான் நகரும். அதனால் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கண்ணின் நிறம் வெளுத்துக் கறுக்கும். ஒரு பூச்சி என்னை யாரென்று விசாரிக்கிற மாதிரி இருக்கும், கோமு. வேறெதிலும் எனக்கு இப்படி ஆனதில்லை.

அசையாமல் இருப்பதற்காக ஃபிரிட்ஜில் வைத்துக் குளிர வைத்து எடு என்று ஒருவர் யோசனை சொன்னார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. விறைத்துப்போனதை எடுத்து எனக்கு என்ன ஆக வேண்டும்?

இந்தப் பக்கத்துச் சிலந்தி ஒன்றுக்கு 2021இல் ஐசியஸ் துக்காராமி என்று பெயர் வைத்தார்கள். தாணே, கல்யாண் பகுதியில் கிடைத்தது. 2008 மும்பைத் தாக்குதலில் பயங்கரவாதி கசாபின் துப்பாக்கியை வெறுங்கையால் பிடித்துக்கொண்டே உயிரை விட்டாரே போலீஸ்காரர் துக்காராம் ஓம்ப்ளே, அவர் பெயர். இன்னும் அது என் கண்ணில் படவில்லை.

சரி, மாமரத்துக்கு வருகிறேன். ஆரேயில் ஒரு மாமரம் முழுக்க முசுறுக் கூடு. அதன் அடியில் நின்று இலை ஓரமாகப் போன ஒரு முசுறை எடுத்துக்கொண்டிருந்தேன். திரையில் பெரிதாக்கினால் கால் எட்டு! முன்னங்கால் இரண்டையும் தூக்கி உணர்கொம்பு மாதிரி ஆட்டிக்கொண்டே நடக்கிறது. அதே செம்பழுப்பு, எறும்பு மாதிரியே ஒடுங்கிய இடுப்பு. தாவும் சிலந்திதான் அது. மிர்மாப்ளாட்டா பிளட்டலியாய்டீஸ் என்று பெயர். கடிக்கும் முசுறு என்று நினைத்துப் பறவையும் குளவியும் விட்டுவிடட்டும் என்றுதான் இந்த வேஷம். ஆனால் முசுறுக் கூட்டத்தில் சேர்ந்துகொள்ளாது, எதிரே ஒன்று வந்தால் ஒதுங்கிப் போகும். ஆணுக்குத் தாடை முன்னால் நீண்டிருக்கும். பார்த்தால் ஒரு முசுறு இன்னொரு முசுறைத் தூக்கிப் போகிற மாதிரி இருக்கும்.

உன் மரத்தில் எத்தனை கூடு இருந்தது! பத்து வயதிலிருந்து கடி வாங்கிக்கொண்டே மாங்காய் பறித்தோம். நாம் உதறி விட்டதில் ஒன்றாவது இதுவாக இருந்திருக்கும். ஒரு தடவைகூடக் காலை எண்ணிப் பார்த்ததில்லை.

இங்கே 2019 அக்டோபரில் மெட்ரோ பணிமனைக்காக இரண்டாயிரத்துக்கு மேல் மரங்களை வெட்டினார்கள். ராத்திரியிலேயே தொடங்கிவிட்டார்கள். அப்போது எனக்கு மரம் மட்டும்தான் தெரிந்தது, மரத்தில் இருந்தவை தெரியவில்லை. தம்பிக்கு வீடு வேண்டும், வெட்டாதே என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. ஆனால் இந்த முறை பார்க்காமல் விடமாட்டேன்.

எனக்காக மூன்று காரியம் செய். வெயில் வந்த பிறகு மரத்தடிக்குப் போய், தனியாகத் திரியும் முசுறை ஒரு குச்சியால் மெல்லத் தொடு. முசுறாக இருந்தால் குச்சியைக் கடிக்க வரும். நூலில் சரசரவென்று கீழே இறங்கித் தொங்கினால் உடனே எனக்குப் போன் பண்ணு. அடுத்தது, மரம் ஏறுகிறவர்கள் கடிக்குப் பயந்து முதலில் மருந்து அடிப்பார்கள். அதற்குத் தம்பி காசு கொடுக்கக் கூடாது. வெட்டிய கிளைகளை அன்றைக்கே எரிக்காமல் அம்மன் கோயில் மாமரத்தடியில் சாய்த்து வைக்கச் சொல். முசுறும் சிலந்தியும் அந்த மரத்தில் ஏறிப் போனாலும் போகும்.

மார்கழி இரண்டாம் வாரத்துக்குச் சென்னை வரை டிக்கெட் எடுத்துவிட்டேன், அங்கிருந்து பஸ்ஸில் வருகிறேன். மாடி அறையைத் துடைத்து வை. ஒட்டடை மட்டும் அடிக்காதே.

உன்
வள்ளி