கவிதாவைப் பணம் கட்ட வேண்டாம் என்று சொல்

குளுகோர், பினாங்கு
ஜூலை

அன்புள்ள லெட்சுமி,

கவிதாவின் கட்டுரையை ஏற்றுக்கொண்டு பணம் கேட்கிற ஆய்விதழைப் பற்றி நீ புலனத்தில் (வாட்ஸ்அப்பில்) அனுப்பிய படங்களையும் கூடவே வந்த அவள் கட்டுரையையும் வரி விடாமல் படித்துவிட்டேன். மற்றதெல்லாம் அப்புறம். முதலில் கவிதாவைப் பணம் கட்ட வேண்டாம் என்று சொல். இன்று இரவுக்குள் கட்டினால் தள்ளுபடி என்று போட்டிருக்கிறார்களே, அதைப் பார்த்து அவசரப்பட்டுவிடப் போகிறாள். நாள் குறித்துத் தள்ளுபடி கூவுகிற ஆய்விதழை நம்பவே கூடாது.

போலி ஆய்விதழைப் பார்த்த மாத்திரத்தில் எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்டிருக்கிறாய். எழுத்துப்பிழையும் பளபளக்கும் நட்சத்திரமுமாக இணையதளம் வைத்திருப்பவர்களை யாரும் கண்டுபிடித்துவிடலாம். இப்போது வருகிறவர்கள் நன்றாக உடுத்திக்கொண்டு வருகிறார்கள். அதனால் தோற்றத்தை விட்டுவிட்டு, கட்டுரையை வாங்கி என்ன செய்தார்கள் என்று பார்ப்பதுதான் என் வழக்கம்.

கவிதாவுக்கு வந்ததையே எடுத்துக்கொள். அவள் எழுதியிருப்பது தோட்டப்புறத் தாலாட்டுப் பாடல்களைப் பற்றி. அழைத்த இதழின் பெயரிலோ பொறியியலும் இருக்கிறது, மேலாண்மையும் இருக்கிறது, மருத்துவமும் இருக்கிறது. இன்னும் பட்டமே வாங்காத பிள்ளையை 'மாண்புமிகு பேராசிரியர் ஐயா' என்கிறார்கள். வெள்ளிக்கிழமை அனுப்பிய கட்டுரைக்குத் திங்கட்கிழமை ஏற்புக் கடிதம். மதிப்பீட்டாளர்கள் இருவர் எழுதியதாக வந்த குறிப்பைப் பார்த்தாயா? 'கட்டுரை நன்று. நூற்பட்டியலைச் சீராக்கவும்.' அவ்வளவுதான். எந்தத் தோட்டத்தில், எந்த வருடம், யார் பாடியதைப் பதிவு செய்தாள் என்பது கட்டுரையில் பாதிப் பாடல்களுக்கு இல்லை. மூன்றாவது பாடல் தாலாட்டே இல்லை, ஒப்பாரியின் அடிகள் கலந்து கிடக்கின்றன. அது எப்படி வந்தது என்று கேட்டால் அவள் நல்ல பதில் வைத்திருப்பாள், அந்தப் பதிலே ஒரு கட்டுரைக்குக் காணும். ஆனால் கேட்க அங்கே ஆள் இல்லை. படித்தவரே இல்லை, லெட்சுமி.

பணம் கேட்டாலே மோசடி என்றும் நினைத்துவிடாதே, உன் மகன் அப்படித்தான் சொன்னதாக எழுதியிருந்தாய். திறந்த அணுக்க இதழ் என்றால் படிக்கிறவர் காசு கொடுக்க வேண்டியதில்லை. அந்தச் செலவை வேறு யாராவது ஏற்க வேண்டும். சில இடங்களில் பல்கலைக்கழகமோ அரசோ ஏற்கிறது, எழுதுகிறவருக்கு ஒரு காசு செலவில்லை. சில இடங்களில் எழுதுகிறவர் தலையில் விழுகிறது. அறிவியல் உலகில் பெயர்பெற்ற 'நேச்சர்' இதழே 2021இல் இந்த வழியைத் திறந்தபோது ஒரு கட்டுரைக்கு 9,500 யூரோ என்று விலை வைத்தது. கேட்டு எனக்கு மயக்கம் வந்தது, ஆனால் அதனால் அது காசுக்காக எதையும் போடுகிற கொள்ளை இதழ் ஆகிவிடாது. வருகிற கட்டுரைகளில் பெரும்பாலானவற்றை அது திருப்பி அனுப்பிவிடுகிறது. கவிதாவிடம் கேட்கிற 350 டாலர் அதன் பக்கத்தில் சில்லறை. ஆனால் அந்தத் தொகையைக் கட்டுரையை ஏற்ற பிறகுதான் சொல்கிறார்கள் பார், அங்கேதான் வினை. முன்னமே இணையதளத்தில் போட்டிருக்க வேண்டியது.

இது நானாகச் சொல்கிற அளவுகோல் இல்லை. ஹைதராபாத்தில் இருந்து நூற்றுக்கணக்கான இதழ்கள் நடத்திய ஓமிக்ஸ் என்ற நிறுவனத்தின் மீது 2016இல் அமெரிக்காவின் கூட்டாட்சி வர்த்தக ஆணையம் வழக்குப் போட்டது. கட்டணத்தை மறைத்தார்கள், கட்டுரையைத் திரும்பக் கேட்டால் விடவில்லை, சம்மதம் கேட்காமலே அறிஞர்கள் பெயரை ஆசிரியர் குழுவில் போட்டார்கள் என்பதெல்லாம் குற்றச்சாட்டு. 2019 மார்ச்சில் நீதிமன்றம் 5 கோடி டாலருக்கும் மேல் கட்டச் சொல்லித் தீர்ப்பளித்தது. தீர்ப்பு வந்ததோடு தொழில் நின்றுவிடவில்லை என்பது கவிதாவின் அஞ்சல்பெட்டியைப் பார்த்தாலே தெரிகிறது.

'ஒரு பட்டியல் இருக்குமே, அதில் பார்த்தால் போதாதா' என்று கேட்டாய். இருந்தது. கொலராடோ பல்கலைக்கழகத்தின் டென்வர் வளாகத்தில் நூலகராக இருந்த ஜெஃப்ரி பீல் தனி ஆளாகக் கொள்ளை இதழ்களின் கறுப்புப் பட்டியல் ஒன்று வைத்திருந்தார். எங்கள் நூலகத்தில் மாணவர்கள் வந்து கேட்டால் நாங்களும் முதலில் அதைத்தான் திறப்போம். 2017 ஜனவரியில் ஒரே நாளில் காணாமல் போய்விட்டது, அவரே எடுத்துவிட்டார். வேறு ஆட்கள் அதன் நகல்களை இணையத்தில் ஏற்றி வைத்திருக்கிறார்கள். எனக்கு அந்த மனிதர்மேல் மரியாதையும் உண்டு, மனத்தாங்கலும் உண்டு. இந்தத் தொழிலை உலகத்துக்குக் காட்டியவர் அவர். ஆனால் ஆங்கிலம் கொஞ்சம் தடுமாறினாலும் இணையதளம் எளிமையாக இருந்தாலும் சந்தேகப்படுகிற ஒரு பார்வை அதில் இருந்தது. அந்த அளவில் பார்த்தால் நம் ஊர் இதழ்களில் எத்தனை தேறும்? தனிநாயகம் அடிகள் 1952இல் தொடங்கிய 'தமிழ்க் கல்ச்சர்' இதழுக்கு என்ன பளபளப்பு இருந்தது? கட்டுரையை யாருக்கு அனுப்புகிறோம், யார் படிப்பார் என்று எல்லோருக்கும் தெரியும். அது போதும்.

பெரிய பெயர் இருந்தால் கவலையில்லை என்றும் இல்லை. 2013இல் ஜான் பொஹன்னன் என்ற அறிவியல் செய்தியாளர் ஒரு வேலை செய்தார். கற்பாசியிலிருந்து (லைக்கன்) புற்றுநோய் மருந்து என்று ஒரு பொய்க் கட்டுரை, எழுதியவர் பெயரும் பொய், நிறுவனமும் பொய். வேதியியல் ஓரளவு தெரிந்தவர் பார்த்தாலே தெரிந்துவிடுகிற ஓட்டைகளை வேண்டுமென்றே உள்ளே வைத்து, 304 திறந்த அணுக்க இதழ்களுக்கு அனுப்பினார். 157 இதழ்கள் ஏற்றுக்கொண்டன, 98தான் மறுத்தன. ஏற்றவற்றில் உலகப் பெரும் பதிப்பகங்கள் நடத்தியவையும் உண்டு. சந்தா வாங்கும் இதழ்களுக்கும் அனுப்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பலர் கேட்டார்கள். நியாயமான கேள்விதான், அவர் அனுப்பவில்லை.

சரி, கவிதா என்ன செய்ய வேண்டும்? பெண் எடுக்கிற வீட்டைப் பற்றி அவர்கள் வாயால் கேட்காமல் அக்கம்பக்கத்தில் விசாரிப்போமே, அதேதான். இதழின் சொந்த இணையதளம் சொல்வதை இதழின் சொந்த இணையதளத்திலேயே சரிபார்க்கக் கூடாது. ஆய்விதழ்களைத் தேர்ந்து பட்டியலிடுகிற ஸ்கோப்பஸில் இருக்கிறோம் என்றால் ஸ்கோப்பஸ் தளத்துக்கே போய், பெயரை விட்டுவிட்டு ஐஎஸ்எஸ்என் என்கிற இதழ் அடையாள எண்ணைப் போட்டுத் தேடட்டும், அதற்குக் காசு வேண்டாம். அங்கே எந்த வருடம் வரை சேர்த்திருக்கிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். பாதியில் கழற்றிவிட்ட இதழ்கள் பழைய பெருமையைப் பல வருடம் பேசும். திறந்த அணுக்க இதழ்களுக்கென்றே டிஓஏஜே என்ற அடைவு இருக்கிறது. சுவீடனின் லுண்ட் பல்கலைக்கழகத்தில் 2003இல் தொடங்கியது. விதிகளை இறுக்கி எல்லோரையும் மறுபடி விண்ணப்பிக்கச் சொல்லிவிட்டு, 2016இல் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட இதழ்களை ஒரே மூச்சில் நீக்கினார்கள். நம் நாட்டு இதழ் என்றால் மலேசிய மேற்கோள் அடைவான மைசைட்டிலும் பார்க்கலாம்.

ஐஎஸ்எஸ்என் இருக்கிறது, கட்டுரைக்குப் போடுகிற டிஓஐ எண்ணும் இருக்கிறது என்று அவள் சமாதானம் சொன்னாளாமே. அவை வீட்டு எண் மாதிரியான அடையாளங்கள்தாம், தரச் சான்று இல்லை, கேட்டால் யாருக்கும் கிடைக்கும். ஓர் இதழின் கட்டுரைகளைச் சராசரியாக எத்தனை முறை மேற்கோள் காட்டுகிறார்கள் என்று சொல்கிற இம்பேக்ட் ஃபேக்டரைக் கொடுப்பது கிளாரிவேட் என்ற ஒரே நிறுவனம். 2023இலிருந்து அவர்கள் ஒரு தசம இலக்கம்தான் போடுகிறார்கள். உன் படத்தில் இதழின் தலைமாட்டில் 'இந்த ஆண்டு 7.842' என்று மூன்று இலக்கம் மின்னுகிறது, பக்கத்தில் கேள்விப்படாத ஏதோ நிறுவனத்தின் முத்திரை.

இதைவிடக் கெட்டிக்காரத்தனமான ஒன்றும் இருக்கிறது, அதில் பேராசிரியர்களே விழுகிறார்கள். உண்மையான ஓர் இதழின் பெயரையும் எண்ணையும் அப்படியே எடுத்துக்கொண்டு வேறு முகவரியில் ஒரு தளம் திறந்துவிடுவார்கள். அசல் இதழ் அச்சில் மட்டும் வருகிறதென்றால் இவர்களுக்குக் கொண்டாட்டம். எண்ணைத் தேடினால் ஸ்கோப்பஸிலும் இருக்கும், எல்லாம் சரியாகவே இருக்கும், பணம் மட்டும் வேறு கைக்குப் போகும். அதனால் மின்னஞ்சலில் வருகிற இணைப்பைத் தட்டி உள்ளே போகவே கூடாது. பதிப்பாளரின் தளத்திலிருந்து இதழைத் தேடிப் போக வேண்டும். இப்படிக் கடத்தப்பட்ட இதழ்களுக்கு, திரும்பப் பெறப்பட்ட ஆய்வுக் கட்டுரைகளைக் கண்காணிக்கிற ரிட்ராக்‌ஷன் வாட்ச் 2022இலிருந்து ஒரு பட்டியல் வைத்திருக்கிறது.

எல்லாவற்றையும்விட எளிதான சோதனை ஒன்று. ஆசிரியர் குழுவில் இருப்பவர்களில் யாராவது ஒருவருக்கு, அவருடைய பல்கலைக்கழகப் பக்கத்தில் இருக்கும் முகவரிக்கு, 'நீங்கள் இந்த இதழில் இருக்கிறீர்களா' என்று ஒரு வரி எழுதிக் கேட்கட்டும். அப்புறம் அந்த இதழில் வந்த இரண்டு கட்டுரைகளை உட்கார்ந்து படிக்கட்டும். நான் படித்தேன். ஒன்றில் முன்னுரையும் முடிவுரையும் ஒரே பத்தி.

அவள் ஏற்கெனவே அனுப்பிவிட்டதுதான் சிக்கல். பதிப்புரிமைப் படிவத்தில் கையெழுத்துப் போட்டாளா என்று முதலில் கேள். போடவில்லை என்றால், கட்டுரையைத் திரும்பப் பெறுகிறேன், வெளியிட அனுமதி இல்லை என்று இன்றே எழுதி ஒரு நகலை வைத்துக்கொள்ளட்டும். போட்டிருந்தாலும் எழுதட்டும், படிவத்தை எனக்கு அனுப்பச் சொல். திரும்பப் பெறக் கட்டணம் என்று மிரட்டுவார்கள், கட்டக் கூடாது. பணம் வராவிட்டாலும் சிலர் கட்டுரையைப் போட்டுவிடுவார்கள். அப்படிப் போட்டுவிட்டால் நல்ல இதழ் ஒன்று அதை மறுபடி எடுத்துக்கொள்ளத் தயங்கும், வேலை வீணாகிவிடும். அதனால் அடுத்த இதழுக்கு அனுப்பும்போது நடந்ததை ஆசிரியருக்கு முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. மேற்பார்வையாளருக்கும் இப்போதே தெரியட்டும்.

மேற்பார்வையாளர் என்றதும் சொல்ல வேண்டியிருக்கிறது. பட்டம் வாங்க இத்தனை கட்டுரை, பதவி உயர்வுக்கு இத்தனை கட்டுரை என்று எண்ணிக்கொண்டே இருந்தால் இந்தக் கடைகள் முளைக்கத்தான் செய்யும். நம் தமிழ் வட்டாரத்தில் மட்டும் என்ன வாழ்கிறது? பன்னாட்டுக் கருத்தரங்கம் என்று பெயர், தலையணை பருமனில் ஐஎஸ்பிஎன் என்கிற நூல் எண் போட்ட மலர், பணம் கட்டிய அத்தனை பேர் கட்டுரையும் உள்ளே. ஆய்வரங்கத்துக்கு வராதவர் கட்டுரையும் இருக்கும். 1966இல் கோலாலம்பூரில் முதல் உலகத் தமிழ் மாநாடு நடத்திய நாடு இது என்று மேடையில் பெருமை பேசுகிறவர்கள், இந்த மலர்களை ஒருமுறை புரட்டிப் பார்க்கலாம். கோபத்தில் எழுதுகிறேன், விடு.

இங்கே எல்லோரும் நலம். அவருக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது, டுரியான் காலம் முடியும் வரை அப்படியே இருக்குமா என்பதுதான் தெரியவில்லை. பாலேக் பூலாவில் இருந்து தம்பி மூட்டையாகக் கொண்டுவந்து இறக்குகிறான், இவர் 'ஒரு சுளை, ஒரு சுளை' என்கிறார். உன் முட்டிவலிக்கு மருத்துவர் என்ன சொன்னார் என்று நீ எழுதவே இல்லை. செந்தூலில் மாடி வீட்டை விட்டுக் கீழ்வீட்டுக்கு மாறப் போவதாகச் சொன்னாயே, முடிவாயிற்றா?

கவிதாவை ஞாயிற்றுக்கிழமை காலை என்னை அழைக்கச் சொல், கடிதத்தை இருவரும் சேர்ந்து எழுதிவிடலாம். செப்டம்பரில் அண்ணன் பேத்தி கல்யாணத்துக்குக் கோலாலம்பூர் வருகிறேன். மண்டபத்தில் விருந்து முடிந்ததும் உன் வீட்டுக்குத்தான், படி ஏறச் சொல்லாமல் இருந்தால் சரி.

உன் அன்புள்ள,
பரமேஸ்