ஆய்வாளர் வேலை அறிவிப்பில் முழு விவரமும் எழுதுங்கள்: பதிவாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்களின் பதிவாளர்களுக்கும் ஆராய்ச்சிப் பிரிவு இயக்குநர்களுக்கும் வணக்கம்.

நான் முனைவர் பட்டம் முடித்துவிட்டு உயிர்மருத்துவத் துறையில் போஸ்ட்டாக் ஆய்வாளராக இருக்கிறேன். உங்கள் இணையதளங்களில் வரும் அறிவிப்புகளை விடாமல் பார்த்துவரும் பலரில் நானும் ஒருவன். 'முற்றிலும் தற்காலிகமானது', 'பயணப்படி கிடையாது', 'முன்னறிவிப்பின்றி நீக்கப்படலாம்'. சரி, தெரிந்துதான் வருகிறோம். ஆனால் எங்கள் சம்பளம் வரும் ஆராய்ச்சித் திட்டத்தில் இன்னும் எத்தனை மாதம் மிச்சம், அதற்கான அடுத்த தவணைப் பணம் வந்துவிட்டதா என்ற இரண்டும் பெரும்பாலான அறிவிப்புகளில் இருப்பதில்லை.

ஒரு வாக்-இன் நேர்காணலில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண், கைக்குழந்தையை அம்மாவிடம் விட்டுவிட்டுத் திருநெல்வேலியிலிருந்து இரவு பஸ்ஸில் வந்திருந்தார். திட்டம் ஐந்தே மாதத்தில் முடிகிறது என்பதை உள்ளே போன பிறகுதான் சொன்னார்கள். அறிவிப்பில் ஒரு வரி இருந்திருந்தால் அவர் கிளம்பியே இருக்க மாட்டார்.

அடுத்தது சம்பளம். மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறை 2023 ஜூனில் போட்ட ஆணைப்படி, முனைவர் பட்டம் பெற்றவர்களை எடுக்கும் ரிசர்ச் அசோசியேட் பணிக்கு மூன்று நிலைகளில் மாதம் ரூ. 58,000, 61,000, 67,000. வீட்டு வாடகைப்படி தனி. அதே முனைவர் பட்டக்காரரை 'சீனியர் ப்ராஜெக்ட் அசோசியேட்' என்று எடுத்தால், 2020 ஆணைப்படி ரூ. 42,000தான். வேலையில் வித்தியாசம் இல்லை. அதே செல் கல்ச்சர், அதே கட்டுரை எழுதுவது, அதே எம்.எஸ்சி. மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பது. நஷ்டம் பணத்தோடு நிற்பதும் இல்லை. பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசியின் 2018 விதிகளில் உதவிப் பேராசிரியர் பணிக்கான முதல்கட்டத் தேர்வுக்கு, போஸ்ட்டாக் அனுபவம் ஆண்டுக்கு 2 மதிப்பெண் வீதம் 10 வரை சேரும். சான்றிதழில் 'ப்ராஜெக்ட்' என்று இருந்தால் அதைக் கணக்கில் எடுக்காமல் தள்ளிவிட வழி கிடைக்கிறது. திட்ட விண்ணப்பம் உங்கள் ஒப்புதலோடுதான் போகிறது. முனைவர் பட்டம் கேட்கும் பணி என்றால் ரிசர்ச் அசோசியேட் என்றே எழுதச் சொல்லுங்கள்.

அப்புறம், மாதக்கணக்கில் வராத சம்பளம். கைடைக் கேட்டால் "ஃபண்ட் இன்னும் ரிலீஸ் ஆகவில்லை" என்பார். பாவம், அவரும் என்ன செய்வார்? மத்திய அரசுத் திட்டங்கள் பலவற்றில் செலவாகாத நிதி மார்ச் 31-ஓடு கைவிட்டுப் போகிறது. பணம் எப்படிச் செலவானது என்று காட்டும் பயன்பாட்டுச் சான்றிதழும் (யூசி) செலவுக் கணக்கும் போய்ச் சேர்ந்த பிறகே அடுத்த தவணை. டெல்லியில் ஆகும் தாமதத்துக்கு நீங்கள் பொறுப்பல்ல. ஆனால் அந்த யூசி உங்கள் நிதிப்பிரிவு மேசையிலேயே வாரக்கணக்கில் கிடந்தால், அதற்கு நீங்கள்தான் பொறுப்பு. அந்த வாரங்களில் இங்கே ஒருவர் வாடகைக்குக் கடன் வாங்குகிறார்.

இதற்கு வழி இருக்கிறது. திட்டங்களோடு நிறுவனத்தின் பொதுச் செலவுகளுக்கென்று ஓவர்ஹெட் தொகை வருகிறது. மத்திய அரசின் ஆராய்ச்சி நிதி வாரியமாக இருந்த எஸ்இஆர்பி நடத்திய தேசிய போஸ்ட்டாக் ஃபெல்லோஷிப்பில் ஆய்வாளருக்கு மாதம் ரூ. 55,000 என்றால், பல்கலைக்கழகத்துக்கு ஆண்டுக்கு ஒரு லட்சம். அதில் ஒரு பகுதியைச் சுழல்நிதியாக ஒதுக்கி, தவணை வரும்வரை சம்பளத்தை முன்பணமாகக் கொடுங்கள். பணம் வந்ததும் நேர்செய்துகொள்ளலாம்.

சுழல்நிதியை, பல்கலைக்கழக நிர்வாகக் குழுவான சிண்டிகேட்டின் அடுத்த கூட்டத்தின் அஜெண்டாவில் சேர்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். அறிவிப்பில் மீதமுள்ள மாதங்களையும் நிதி நிலவரத்தையும் சேர்க்க எந்தக் கூட்டமும் வேண்டாம். ஒரு சுற்றறிக்கை போதும், அதை இந்த வாரமே அனுப்பலாம்.

இப்படிக்கு,
ஒரு போஸ்ட்டாக் ஆய்வாளர்,
சென்னை