ஒரு துப்பாக்கிக்கு ஒரு கண்ணாடி சைட்

படைக்கு ஆயுதம் வாங்கும் பொறுப்பில் இருக்கும் அதிகாரிகளுக்கு வணக்கம்.

துப்பாக்கியில் குறி பார்க்க, குழல் நுனியில் ஃபோர்சைட் முனையும் கண்ணருகே பேக்சைட் துளையும் வைத்த இரும்பு சைட்டா, வில்லை வைத்த கண்ணாடி சைட்டா என்ற பேச்சு உங்களுக்குப் புதிதில்லை. என் கோரிக்கை ஒன்றுதான். காலாட்படைச் சிப்பாய் ஏந்தும் ஒவ்வொரு துப்பாக்கிக்கும் ஒரு கண்ணாடி சைட் கொடுங்கள்.

மாசி-பங்குனித் திருவிழாவுக்கு என் அக்காள் மகன் காரைக்குடிக்கு விடுப்பில் வந்தான். ஹவில்தார், வயது 42. இருபது வருடமாகக் குறி தவறாதவன் என்று பெயர் எடுத்தவன், இந்த முறை ஆண்டு ஃபயரிங் தேர்வில் தேறவில்லை. இரண்டு நாள் யாரிடமும் வாய் திறக்கவில்லை. மூன்றாம் நாள் இரவு திண்ணையில் வைத்துச் சொன்னான்: "மாமா, ஃபோர்சைட் முனை பஞ்சு மாதிரி தெரியுது. படிக்கிற கண்ணாடி போட்டா முனை தெரியுது, டார்கெட் காணாமப் போயிடுது."

நானும் 43 வயதில் இதையேதான் மறைத்தேன். சொன்னால் கம்பெனியில் மரியாதை போய்விடும் என்று பயம்.

நாற்பதைத் தாண்டினால் கண்ணின் வில்லை இறுகிவிடும், கிட்டத்துப் பொருள் மங்கும். இரும்பு சைட்டிலோ கண்ணருகே பேக்சைட் துளை, ஒரு முழத்துக்கு மேல் தள்ளி ஃபோர்சைட் முனை, 300 மீட்டரில் டார்கெட். மூன்றையும் ஒன்றாகத் தெளிவாகப் பார்க்க இளவட்டக் கண்ணாலும் முடியாது. எங்கள் பக்கத்துப் பழைய வீட்டு முகப்பில் நின்று பாருங்கள். வளவு, இரண்டாம் கட்டு, பின்வாசல் என வாசல் நிலைகள் எல்லாம் ஒரே நேர்கோட்டில் இருக்கும். பக்கத்து நிலையின் செதுக்கலில் கண் வைத்தால் கொல்லையில் நிற்பவர் முகம் மங்கும். அவரைப் பார்த்தால் செதுக்கல் மங்கும். அதனால்தான் "முனையைப் பார், டார்கெட் மங்கினால் மங்கட்டும்" என்று ரெக்ரூட்டுகளுக்குச் சொல்லிக் கொடுத்தோம். முனையே மங்கிப்போனவன் எதைப் பார்ப்பான்? அதுவும் 300 மீட்டரில் அந்த முனை ஆளையே மறைத்துவிடும். கண்ணாடி சைட்டில் குறியும் டார்கெட்டும் ஒரே தூரத்தில் இருப்பது போலத் தெரியும், கண் ஓரிடத்தில் நின்றால் போதும்.

ஆஸ்திரியா 1977-இல் ஏற்ற ஸ்டையர் துப்பாக்கியிலேயே 1.5 மடங்கு தொலைநோக்கி உண்டு. பிரிட்டன் 1980-களில் தன் காலாட்படையின் எஸ்.ஏ.80 துப்பாக்கிக்கு 4 மடங்கு பெரிதாக்கும் கண்ணாடி சைட் கொடுத்தது. நாம் 2011-இல் புதுத் துப்பாக்கிக்கு விட்ட டெண்டரை 2015-இல் கைவிட்டோம். பிறகு 2019-இல் 72,400 சிக் 716 துப்பாக்கிகள் வாங்க ஒப்பந்தம், அப்புறம் அமேதி கோர்வாவில் ஏ.கே. 203 துப்பாக்கித் தயாரிப்பு. சந்தோஷம்தான். ஆனால் துப்பாக்கியை எண்ணும்போதே சைட்டையும் எண்ணி வாங்கும் பழக்கம் நமக்கு எப்போது வரும்?

பேட்டரி தீர்ந்துவிடும் என்பார்கள். குறியாகச் சிவப்புப் புள்ளி காட்டும் கண்ணாடி சைட்டுகளில் ஒரே ஒரு சின்ன பேட்டரியில் வருடக்கணக்கில் ஓடுபவை உண்டு. ஏகாக் என்ற கண்ணாடி சைட் போன்றவற்றுக்கு பேட்டரியே வேண்டாம். கண்ணாடி உடையும், பனி படியும் என்பது நியாயமான கவலை. அதற்காக இரும்பு சைட்டை மடக்கி வைத்துத் துணைக்கு விடுங்கள், பயிற்சியை அதிலேயே தொடங்குங்கள். கழற்றச் சொல்லி நான் கேட்கவே இல்லை.

ஒவ்வொன்றுக்கும் இத்தனை வருடம் ஏன் ஆக வேண்டும்? என் ஓய்வூதியத் தாளில் ஓர் எழுத்துப் பிழையைத் திருத்த மூன்று வருடம் நடையாய் நடந்தேன். கேட்ட இடமெல்லாம் கோப்பு மேலே போயிருக்கிறது என்றார்கள். அந்தப் பதிலைக் கிழவன் நான் தாங்கிக்கொள்வேன். எல்லையில் அந்தி நேரத்தில் காவல் நிற்பவனிடம் அதையே சொல்ல முடியுமா? மன்னியுங்கள், பேச்சு வேறு பக்கம் போய்விட்டது.

மறுபடியும் பணிவாகக் கேட்கிறேன். ஒரு துப்பாக்கிக்கு ஒரு கண்ணாடி சைட். எல்லாருக்கும் ஒரே நேரத்தில் முடியாதென்றால் எல்லைக் காவலில் நிற்பவர்களுக்கும், நாற்பதைத் தாண்டிய ஹவில்தார்களுக்கும் முதலில் கொடுங்கள். என் மருமகனுக்கு அடுத்த தேர்வு வர இன்னும் பத்து மாதம் இருக்கிறது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற சுபேதார் ஒருவன்,
காரைக்குடி