வெந்நீர் மட்டும் மெதுவாக வருகிறதா?

அனைவருக்கும் வணக்கம். பி பிளாக்கில் நாலைந்து வீடுகளில் ஒரே புகார்: பச்சைத்தண்ணீர் நன்றாகக் கொட்டுகிறது, வெந்நீர் மட்டும் நூல் மாதிரி ஒழுகுகிறது. அப்படியென்றால் மோட்டாரிலோ மேல்தொட்டியிலோ கோளாறு இல்லை, கீசர் பக்கம்தான் அடைப்பு.

நம் போர் தண்ணீர் உப்பு அதிகம். சூடாகும்போது சுண்ணாம்பு பிரிந்து படிந்துவிடும். நேற்று எங்கள் கீசரின் வெந்நீர் பைப்பைக் கழற்றினேன். உள்ளே முட்டை ஓடு போல வெள்ளைப் பொருக்கு, ஒரு பென்சில் நுழையும் அளவுக்குத்தான் வழி இருந்தது. கையால் நொறுக்கினால் மணல் மணலாக உதிர்ந்தது.

ஷவரில் பச்சைத்தண்ணீரும் மெதுவாக வந்தால், முதலில் ஷவர் தலையைக் கழற்றிப் பாருங்கள். வேகம் வந்துவிட்டால் அதைக் கொஞ்ச நேரம் வினிகரில் ஊறவைத்துத் தேய்த்தாலே போதும். அப்புறம் கீசருக்கு அடியில் உள்ள ஆங்கிள் வால்வு முழுதாகத் திறந்திருக்கிறதா என்று பாருங்கள். அதுவும் சரி என்றால் வெந்நீர் பைப்பையும் கீசரின் உள்தொட்டியையும் பிளம்பர்தான் சுத்தம் செய்ய வேண்டும்.

எதைக் கழற்றினாலும் சுவிட்சை அணைத்து, தண்ணீர் ஆறிய பிறகே கை வையுங்கள். சேஃப்டி வால்வு சொட்டுகிறது என்று தயவுசெய்து யாரும் அதை அடைத்துவிடாதீர்கள், உள்ளே அழுத்தம் ஏறினால் கீசர் தொட்டியே வெடிக்கலாம்.

சனிக்கிழமை காலை பிளம்பர் வருகிறார். தேவைப்படுபவர்கள் வீட்டு எண்ணை இங்கே போடுங்கள்.