கனகமுனி வெறும் கதையா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கௌதம புத்தர் பிறந்த லும்பினியைப் பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரையை விரும்பிப் படித்தேன். ஆனால் கௌதமருக்கு முற்பட்ட புத்தர்கள் அனைவரையும் 'மிகப் பிற்காலக் கற்பனை' என்று ஒரே வரியில் ஒதுக்கியிருப்பதை ஏற்க முடியவில்லை.

லும்பினிக்கு வடமேற்கே, நேபாளத்தின் கபிலவஸ்து மாவட்டத்தில், நிகாலி சாகர் என்னும் குளக்கரையில் அசோகர் தூண் ஒன்று உடைந்து கிடக்கிறது. 1895-இல் வெளிச்சத்துக்கு வந்த அதன் பிராமிக் கல்வெட்டு, முடிசூடிய 14-ஆம் ஆண்டில் அசோகர், கௌதமருக்கு முற்பட்ட புத்தர்களில் ஒருவரான கோணாகமன புத்தரின் (வடமொழியில் கனகமுனி) தூபியை இருமடங்காகப் பெருக்கினார் என்றும், பின்னர் தாமே வந்து வழிபட்டார் என்றும் கூறுகிறது. வருகையின் ஆண்டைக் குறிக்கும் எழுத்துகள் சிதைந்துவிட்டதால், அசோகர் 20-ஆம் ஆண்டில் வந்ததாகக் கூறும் லும்பினித் தூணை ஒட்டி அதை 20 என்று நிரப்பிப் படிக்கிறார்கள். பெருக்கினார் என்றாலே, பெருக்குவதற்கு அங்கே முன்பே ஒரு தூபி இருந்தது என்றுதானே பொருள்? ஆக, கி.மு. 3-ஆம் நூற்றாண்டிலேயே இவ்வழிபாடு பழையதாகிவிட்டிருந்தது.

இக்கல்வெட்டை வெளியுலகுக்கு அறிவித்த ஜெர்மானியத் தொல்லியலாளர் ஃபியூரர், அருகில் பெரிய தூபியின் எச்சங்களைக் கண்டதாக எழுதியது புனைவு என்று பின்னர் தெரியவந்தது உண்மையே. அவர் செய்த பிழைக்காகக் கல்வெட்டைத் தள்ளிவிட முடியாது.

கோணாகமனர், சோபவதி நகரில் யஞ்ஞதத்தர் என்னும் அந்தணருக்கும் உத்தரைக்கும் பிறந்து, அத்தி மரத்தடியில் ஞானம் எய்தி, 30,000 ஆண்டுகள் வாழ்ந்ததாகப் புத்தவம்சம் என்னும் பாலி நூல் பாடுகிறது. அந்த ஆண்டுக் கணக்கை வரலாறாகக் கொள்ளும்படி நான் கேட்கவில்லை. ஆனால் காட்டில் மூடிக்கிடந்த பழைய பாதையைக் கண்டு, அதன் வழியே போய்ப் பழைய நகரத்தை அடைந்த மனிதனுக்குத் தம்மை ஒப்பிட்டு, முன்னைப் புத்தர்கள் நடந்த வழியையே தாம் கண்டதாகக் கௌதமர் கூறுவது, அவர் உரைகளின் பாலித் தொகுப்பான சம்யுத்த நிகாயத்திலேயே உள்ளது. தம் நெறி தாமே புதிதாக வகுத்ததன்று என்பதே அவ்வுவமையின் உயிர். முன்னைப் புத்தர்களை நீக்கிவிட்டால் உவமையும் நில்லாது.

நம்மவர்க்கும் இதில் தொடர்பு உண்டு. புத்தவம்சத்துக்கு உரை வகுத்த சோழநாட்டுப் புத்ததத்தர், அதைக் காவிரிப்பூம்பட்டினத்து விகாரையில் தங்கி எழுதினார் என்பர்.

கட்டுரையின் அடுத்த பகுதியில் நிகாலி சாகரையும் சேர்த்து எழுதச் செய்யுமாறு வேண்டுகிறேன்.

இங்ஙனம்,
தங்கள் நெடுநாள் வாசகர்