வெள்ளிக்கிழமை ராத்திரி வண்டியை எடுக்காதே, ஐயா

அன்புள்ள தம்பிக்கு,

நேற்று போனில் நீ பேசியதே நாலு நிமிஷம்தான், அதற்குள் மூன்று தடவை கொட்டாவி விட்டாய். 60 நாளைக்கு முன்னால் புக்கிங் திறந்த அன்றைக்கே ரயில் டிக்கெட் தீர்ந்துவிட்டது, ஆம்னி பஸ்ஸில் கேட்கிற காசுக்குக் காரிலேயே வந்துவிடலாம், வெள்ளிக்கிழமை ஆபீஸ் முடிந்து சென்னையிலிருந்து எட்டு மணிக்குப் புறப்பட்டால் விடியும்போது கோவில்பட்டியில் இருப்போம் என்று நீ கணக்குச் சொன்னதிலிருந்து எனக்கு மனசு ஒரு நிலையில் இல்லை. போனில் சொன்னால் "சரிப்பா, பார்த்துக்கிறேன்" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன்.

அம்மாவிடம்கூட முழுசாகச் சொல்லாத ஒன்றை உன்னிடம் சொல்கிறேன். 1996 தீபாவளி. மெட்ராஸ் ஸ்பெஷல் பஸ் ஓட்டி மூன்று நாளாக வீட்டுப் பக்கம் வரவில்லை. வந்து இறங்கியதும் அதே வண்டியைத் திரும்ப எடுக்கச் சொன்னார்கள், உனக்கும் அக்காவுக்கும் துணி எடுக்கணுமே, கூடுதல் பேட்டா கிடைக்குமே என்று நானும் எடுத்தேன். துவரங்குறிச்சியில் டீ குடித்தது நினைவிருக்கிறது. அடுத்து நினைவிருப்பது ஒரு சிவப்புத் துணி. கம்பி லோடு ஏற்றிய லாரியில் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் கம்பி நுனியில் கட்டுவார்களே, அந்தத் துணி, என் கண்ணாடிக்கு ஒரு முழம் தூரத்தில் ஆடிக்கொண்டிருந்தது. கண்டக்டர் "அண்ணே!" என்று கத்திக்கொண்டு ஸ்டியரிங்கைப் பிடித்து இழுத்தார். வண்டி மண்ணில் இறங்கி நின்றது. டீக்கடைக்கும் அந்த இடத்துக்கும் நடுவில் ஏழெட்டு கிலோமீட்டர், அதை எப்படி ஓட்டினேன் என்று இன்று வரை எனக்குத் தெரியாது. கண் திறந்துதான் இருந்திருக்கிறது. உள்ளே ஐம்பது பேருக்கு மேல், பாதிப் பேர் மடியில் பிள்ளையும் பலகாரப் பையும்.

தூக்கம் சொல்லிக்கொண்டு வராது ஐயா. பாட்டுப் போடுவது, ஜன்னலைத் திறப்பது, முகத்தில் தண்ணீர் அடிப்பது எல்லாம் ஐந்து நிமிஷத்துக்குத்தான். டீயும் காபியும்கூட வேலை செய்ய அரை மணி நேரம் பிடிக்கும், அதனால் குடித்த கையோடு ஸ்டியரிங்கைப் பிடிக்காமல் சீட்டைச் சாய்த்து இருபது நிமிஷம் கண்ணை மூட வேண்டும். காலை ஆறு மணிக்கு எழுந்த நீ ராத்திரி 12 மணிக்கு உளுந்தூர்பேட்டை பக்கத்தில் இருந்தால் அதற்குள் 18 மணி நேரம் விழித்திருக்கிறாய். அப்போது கொஞ்சம் குடித்தவனுக்கு ஆகிற மாதிரியே கையும் புத்தியும் மந்தமாகும் என்று சோதித்துப் பார்த்தே சொல்லியிருக்கிறார்கள். 2 மணிக்கு மேல் கேட்கவே வேண்டாம், உடம்பு தானாகப் படுக்கையைத் தேடுகிற நேரம் அது.

தீபாவளி ஞாயிற்றுக்கிழமைதானே. வெள்ளி ராத்திரி பெட்டி கட்டுவது, கடைக்கு ஓடுவது எதுவும் வைத்துக்கொள்ளாமல் பத்து மணிக்குப் படு. சனிக்கிழமை காலை நாலு மணிக்கு எடுத்தால் கூட்டம் சேர்வதற்குள் பரனூர் டோலைத் தாண்டிவிடலாம். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை இறங்கி நட, பாப்பாவுக்கும் நல்லது. சாயங்காலம் வந்து சேர்ந்தால் போதும், உன்னை யாரும் மணி கேட்கப்போவதில்லை. அன்றைக்கும் உடம்பு முடியவில்லை என்றால் வராதே, அடுத்த வாரம் வா. அம்மா அழுவாள், அதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

அப்புறம் துணி. போன வருஷம் நீ எடுத்த வேட்டி இன்னும் மடிப்புக் கலையாமல் பீரோவில் இருக்கிறது. கார் டியூ ஓடுகிறபோது கார்டைத் தேய்த்து ஊருக்கெல்லாம் துணி எடுக்காதே, பாப்பாவுக்கு ஒரு பாவாடை சட்டை போதும்.

மருமகளிடம் நான் ஒன்று சொல்ல வேண்டும், நேரில் வாய் வராது, நீயே இதைப் படித்துக் காட்டு. போன தீபாவளிக்கு ராத்திரி முழுக்கப் பயணம் செய்து வந்த பிள்ளை, மறுநாள் மூன்று மணிக்கே எழுந்து அடுப்படியில் நின்றது. மத்தியானம் தலைவலி தாங்காமல் கதவைச் சாத்திக்கொண்டு படுத்தது. நான் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு பேப்பரை விரித்து வைத்து உட்கார்ந்திருந்தேன். அது தப்பு. இந்தத் தடவை முறுக்கும் அதிரசமும் பின் தெரு அக்காவிடம் சொல்லியாயிற்று. உங்கள் அம்மா இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்திருந்தாள், இப்போது சரி என்கிறாள். லேகியம் மட்டும் அவளே கிளறுவாளாம், சுக்கும் திப்பிலியும் ஓமமும் முற்றத்தில் காய்கிறது. ஞாயிறு காலையில் எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு மருமகள் எட்டு மணி வரை தூங்கினாலும் யாரும் எழுப்ப மாட்டார்கள், நான் பொறுப்பு.

உன் பிரஷர் மாத்திரையைப் பெட்டிக்குள் போடாதே, சட்டைப் பையில் வை. போன தடவை இரண்டு நாள் போடாமல் இருந்துவிட்டாய்.

சாத்தூர் தாண்டியதும் மருமகளை ஒரு போன் போடச் சொல், நீ போனைத் தொடாதே. தோசைக்கல்லை அடுப்பில் வைக்கச் சொல்கிறேன்.

அப்பா